நோயாளியின் இரகசியம் யாருடைய அமானத்?

அமானத் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பெரும்பாலோர் நினைவில் எழுவது பொன்னும் பொருளுமே. பக்கத்து வீட்டார் பயணம் செல்லும்போது நம்மிடம் கொடுத்து வைத்த நகை, கூட்டாளி நம்பி ஒப்படைத்த முதல், அனாதையின் பங்கு ஆகியவற்றில் கை வைப்பது பெரும்பாவம் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆனால், ஒருவர் நம்மை நம்பிச் சொன்ன சொல்லும் அமானத்தே என்பதை அறிந்தோர் சிலர். அறிந்து பேணுவோர் அவரினும் சிலர். பிறர் நகையைத் தொடவும் அஞ்சுகின்ற நல்லவர்களே, பிறர் நோயைப் பற்றிய செய்தியை வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்று வழங்கக் காண்கிறோம். நகை திரும்பி வரும். வெளியே சென்ற சொல் திரும்பி வருவதில்லை.

ஒருவர் ஒரு செய்தியைக் கூறிவிட்டுத் தம் இருபுறமும் திரும்பிப் பார்ப்பாரானால், அச்செய்தி கேட்டவரிடம் அமானத்தாகிவிடுகிறது என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய இரு தொகுப்புகளிலும் இந்த ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. இதன் நுட்பத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். “இதை யாரிடமும் சொல்லாதீர்” என்று அவர் வாய் திறந்து கேட்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. வேறு யாரேனும் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தார்; அவ்வளவே. அந்தப் பார்வையே உடன்படிக்கையாகிவிட்டது. மருத்துவரின் அறைக்குள் நுழையும் நோயாளி தம் துன்பத்தைச் சொல்லத் தொடங்குமுன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறாரே, அதுவும் இதே பார்வைதான்.

எனவே நாம் ஆராய வேண்டிய வினா இது: ஓர் உடலைப் பற்றிய செய்தி யாருக்கு உரியது? அந்த உடலுக்குரியவருக்கா, அவர் குடும்பத்தாருக்கா, மருத்துவருக்கா, வேலை கொடுத்தவருக்கா, மஹல்லாவாசிகள் அனைவருக்குமா?

மருத்துவரின் நாவு

மருத்துவர் நோயாளியின் மறைவைக் காக்க வேண்டும் என்பது மேனாட்டார் நமக்குக் கற்றுக்கொடுத்த புதுப்பாடம் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. அரபு நூல்கள் புக்ராத் என வழங்கும் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரேட்டிஸின் பெயரால் அமைந்த உறுதிமொழியை அரபுலகம் ஆயிரமாண்டுகளுக்கு முன்பே தன்னுடையதாக்கிக்கொண்டது. ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டினரான ஷைஸரீ, சந்தைக் கண்காணிப்பாளராகிய முஹ்தஸிபின் கடமைகளைப் பற்றி எழுதிய ‘நிஹாயத்துர் ருத்பா’ என்னும் நூலில், மருத்துவர்களிடம் அந்த உறுதிமொழியை வாங்கவேண்டியது முஹ்தஸிபின் பொறுப்பு என வரைந்துள்ளார். நோயாளியின் இரகசியத்தை வெளியிடாமையும் அவ்வுறுதியில் அடங்கும். எடைக்கல்லையும் அளவுப்படியையும் சோதித்த அதே அதிகாரியிடம் மருத்துவரின் நாவைக் காக்கும் பொறுப்பும் இருந்தது. எடையில் குறைப்பதும் இரகசியத்தைக் கசியவிடுவதும் நம்பி வந்தவருக்கு இழைக்கும் ஒரே வகை மோசடி என்று அக்காலத்தார் கண்டனர் போலும்.

1993 ஜூனில் புரூணையில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இப்பொருளை எடுத்து ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. இரகசியம் காப்பதே அடிப்படைச் சட்டம். மருத்துவத் தொழிலில் இருப்போருக்கு அது இன்னும் வலிய கடமை. மறைப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதால் விளையும் தீங்கினும் பெரிதாகும் இடங்களில் மட்டுமே விலக்கு உண்டு என்பது அதன் சாரம்.

“உண்மையைத்தானே சொன்னேன்?”

பிறர் நோயைப் பேசுவோரைக் கண்டித்தால், அவர்கள் உடனே கூறும் மறுமொழி இது: “இல்லாததையா சொன்னேன்? உண்மையைத்தானே சொன்னேன்?” இந்த மறுமொழிக்கு மார்க்கம் என்றோ விடை கூறிவிட்டது. தன் சகோதரன் வெறுக்கும் ஒன்றை அவனில்லாத இடத்தில் பேசுவதே கீபத், அஃதாவது புறம் பேசுதல். அது உண்மையாயிருந்தால்தான் கீபத். பொய்யாயிருந்தால் அதற்கு அவதூறு என்று பெயர். ஆகவே உண்மை என்பது புறம் பேசுவோனுக்கு விடுதலைச் சீட்டன்று. அவன் குற்றத்தின் பெயரை முடிவு செய்வது மட்டுமே. திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் 12ஆம் வசனத்தில் அல்லாஹ் துருவித் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அடுத்தடுத்துத் தடுத்திருப்பது கருதத்தக்கது. முன்னது இல்லாமல் பின்னது இல்லை. துருவாதவனுக்குப் பரப்பச் சரக்கேது?

மருந்துக்கடையில் சீட்டை நீட்டும்போது எட்டிப் பார்க்கும் கண், சோதனைக்கூடத்தில் பணியாற்றும் உறவினரிடம் மெல்ல விசாரிக்கும் நாவு, நோய் விசாரிக்கச் சென்ற இடத்தில் தலைமாட்டிலுள்ள ஏட்டைப் புரட்டும் கை இவையாவும் இவ்வசனத்தின் முன் நிற்க வேண்டியவையே. நோயாளியைக் காணச் செல்வது நபிவழி. அவருடைய நோயின் பெயரை அறிந்து வருவது நபிவழியன்று.

தோட்டத்து மருத்துவமனையும் துரையின் அலுவலகமும்

நம் நீலகிரி மலைநாட்டைப் பார்ப்போம். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து தருவதைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. மலைச் சரிவில் கொழுந்து பறித்து வாழும் ஏழைக்கு அது பெரிய அருள்தான் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அதில் ஒரு சிக்கல் பொதிந்துள்ளது. தோட்டத்து மருத்துவமனையில் மருந்து தருபவருக்குச் சம்பளம் தருபவர், அந்நோயாளிக்கு வேலை தருபவரேயாவார். நோயாளி தம் மருத்துவரிடம் சொல்வது, தம் முதலாளியின் ஊழியரிடம் சொல்வதாகவும் ஆகிவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு இம்மலையிலேயே ஒரு சான்று உண்டு. 1971இல், குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமாகிய உபாசியின் முயற்சியில், நீலகிரியின் சில தேயிலைத் தோட்டங்களில் ஒரு குடும்பக்கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண் தொழிலாளியின் பெயரில் மாதம் 5 ரூபாய் சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படும். அளவுக்கு மேல் குழந்தை பெற்றால் அத்தொகையில் ஒரு பகுதியை அவர் இழப்பார். எஞ்சியது பிற்காலத்தில் அவர் கைக்கு வரும். தாயின் நலமும் முதுமைக்கான சேமிப்புமே நோக்கம் என்றனர். அந்நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் கருவறைச் செய்தி தோட்டக் கணக்கில் வரவும் செலவுமாக மாறியதை மறுக்க முடியுமா? அவளுக்கும் அவள் கணவனுக்கும் அவர்களைப் படைத்தவனுக்கும் இடையிலான ஒன்று, சம்பளம் கொடுப்பவரின் பேரேட்டில் ஏறியது. நன்மை செய்யும் எண்ணமே பிறர் மறைவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டாகிவிடாது. வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்கச் சொன்ன மார்க்கம், உடலுக்குள் நுழைய அனுமதி வேண்டாம் என்றா சொல்லும்?

வேலை கொடுத்தவர் அறிய வேண்டியது ஒன்றே: இத்தொழிலாளி இன்று இவ்வேலைக்குத் தகுதியுடையவரா, இல்லையெனில் எத்தனை நாள் ஓய்வு வேண்டும் என்பது. மருத்துவச் சான்றில் அது இருந்தால் போதும். நோயின் பெயர் அவருக்கு எதற்கு?

மணம் பேசும் இடத்தில்

இதுவரை சொன்னவற்றை ஏற்போர்கூட ஓரிடத்தில் நின்று தயங்குவர். அது மணவினை. “மாப்பிள்ளைக்கோ பெண்ணுக்கோ உள்ள நோயை மறைத்து நிக்காஹ் நடத்துவது மோசடியல்லவா? அறிந்தவர் வாய் மூடியிருந்தால் அவரும் அதில் கூட்டாளியல்லவா?” என்பர். இது நேர்மையான வினா. விடையும் நேர்மையாக இருக்க வேண்டும்.

நீலகிரியில் இவ்வினா எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு துளி இரத்தத்தில் எழுதப்பட்டுள்ளது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு பழங்குடியினர் வாழும் மலை இது. 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் இம்மலைப் பழங்குடியினரின் இரத்தத்தை ஆராய்ந்து, அரிவாள் செல் சோகை எனப்படும் நோயின் கூறு இந்தியாவிலும் உண்டு என்பதை முதன்முதலாக வெளியிட்டனர். வட்டமாயிருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் போல் வளைந்து நுண்ணிய குழாய்களை அடைத்துக் கடும் வலியும் சோகையும் தரும் பரம்பரை நோய் இது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் இக்கூறு வந்தால்தான் பிள்ளை நோயாளியாகும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். தம்முள் அக்கூறு இருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்புண்டு.

ஆகவே மணத்துக்கு முன் இதை அறிவது நன்று. 2023 ஜூலை முதல் நாள் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், பழங்குடிப் பகுதிகளில் நாற்பது வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைச் சோதிப்பதையும் 2047க்குள் இந்நோயை ஒழிப்பதையும் குறிக்கோளாகக் கொண்டது. சோதனைக்குட்பட்டோருக்கு அவரவர் நிலையைக் காட்டும் அட்டையும் வழங்கப்படுகிறது. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். அந்த அட்டை அதற்குரியவர் கையில் இருக்கும்வரை விளக்கு. அயலார் கைக்குச் சென்றால் முத்திரை. நோயே இல்லாத ஒரு பெண்ணை, கூறு மட்டும் உடையவள் என்பதற்காக, ஊர் முழுவதும் நோயாளி எனத் தள்ளிவைக்க அதுவே போதும். தனி மனிதருக்கு மறைவு உண்டென்றால், ஒரு குலத்துக்கும் அது உண்டு. அக்குலத்தின் இரத்தத்தைப் பற்றி உலகறிய எழுதுவோர், அக்குலத்தாரிடம் கேட்டு, அவர்களுக்கு விளங்கச் சொல்லி எழுதுவதே முறை.

இக்கூற்றும் இதன் உறவான தலசீமியாவும் மிகுந்த சவூதி அரேபியாவில், மணத்துக்கு முந்திய இரத்தச் சோதனை 2004 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அங்கே கட்டாயம் சோதனைக்கே; முடிவுக்கு அன்று. இருவருக்கும் நிலைமை விளக்கப்படும். மணப்பதா வேண்டாமா என்பதை அவ்விருவரே தீர்மானிப்பர். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களும் இதை ஆழ்ந்து கருத வேண்டும்.

இனி, நம் மாநிலத் தலைநகரில் நடந்ததொரு நிகழ்ச்சி. 1995இல் வெளிமாநிலத்தவர் ஒருவர், அறுவைச் சிகிச்சைக்காகச் சென்னை மருத்துவமனைக்கு வந்த தம் உறவினருக்கு இரத்தம் கொடுக்க முன்வந்தார். இரத்தத்தைச் சோதித்ததில் அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்தது. அச்செய்தி வெளியே சென்றது. நிச்சயமான திருமணம் நின்றது. ஊராரின் ஏளனத்துக்கு ஆளாகி அவர் தம் ஊரைவிட்டே வெளியேறினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1998இல் தீர்ப்பளித்த நீதிபதிகள், மருத்துவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவரே என்றும், எனினும் மணக்கவிருந்த பெண்ணின் உயிர் நலம் அதனினும் பெரிது என்றும் கூறினர். அத்துடன் நில்லாமல், இத்தகையோரின் மண உரிமையையே நிறுத்திவைப்பது போலவும் எழுதிவிட்டனர். அந்தப் பகுதி தேவையற்றது என 2002இல் அதே நீதிமன்றம் விலக்கியது. உண்மையறிந்து ஒப்புக்கொண்டு மணக்க ஒருவர் முன்வந்தால் தடுக்க நாம் யார்? தீர்ப்பில் அம்மனிதரின் பெயரும் மருத்துவமனையின் பெயரும் எழுதப்படாமல் ஓரெழுத்துக் குறிகளாக விடப்பட்டிருப்பது, நீதிமன்றமே கற்பிக்கும் ஒழுக்கமாகும்.

உமர் (ரலி) அவர்களின் இரு தீர்ப்புகள்

இச்சிக்கலை அவிழ்க்க உமர் (ரலி) அவர்களின் வாழ்விலிருந்து இரு நிகழ்ச்சிகள் போதும். ஒருவரின் சகோதரியைப் பெண் கேட்டு வந்தனர். அவரோ, அவள் முன்பு தவறிழைத்ததுண்டு என்று வந்தவரிடம் சொல்லிவிட்டார். செய்தி உமர் (ரலி) அவர்களுக்கு எட்டியது. அவரை அடித்தார்கள், அல்லது அடிக்க ஓங்கினார்கள். இதை வெளியிட உமக்கென்ன வேலை என்று கடிந்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா இதைக் கூறுகிறது. மற்றொரு நிகழ்ச்சி: மகப்பேற்றுக்குத் தகுதியற்ற ஒருவர் ஒரு பெண்ணை மணந்தார். உம் நிலையை அவளிடம் சொன்னீரா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றார். சென்று அவளிடம் சொல்லும். பின் இருப்பதா பிரிவதா என்பதை அவள் விருப்பத்துக்கு விடும் என்று ஆணையிட்டார்கள்.

ஒன்றில் சொன்னவரைக் கண்டித்தார்கள். மற்றொன்றில் சொல்லாதவரைக் கண்டித்தார்கள். இது முரண்பாடன்று. முன்னதில், முடிந்துபோன ஒன்றை, மறைக்க வேண்டிய இன்னொருவர் வெளியிட்டார். பின்னதில், வாழ்க்கைத்துணையின் வருங்காலத்தைத் தொடும் ஒன்றை, அதற்குரியவரே மறைத்தார். இரண்டாவதில் ஆணை யாருக்கு இடப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உமர் (ரலி) தாமே அப்பெண்ணுக்கு ஆளனுப்பவில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்கவுமில்லை. “நீர் சென்று சொல்லும்” என்றார்கள். மறைக்கும் உரிமை யாருடையதோ, சொல்லும் கடமையும் அவருடையதே. இடையில் புகுந்து, உரிமையைப் பறிப்பதும் கடமையைத் தம் கையில் எடுத்துக்கொள்வதும் பிறர்க்கு ஆகா.

தம்மை மணக்க விரும்பிய இருவரைப் பற்றி பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் வினவியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் எடுத்துரைத்தது உண்மையே. இமாம் கஸ்ஸாலியும் இமாம் நவவீயும் (ரஹ்) புறம் பேசும் தடையிலிருந்து ஆறு இடங்களுக்கு விலக்குக் கூறியதில், மணம் போன்றவற்றில் கலந்தாலோசிப்பவருக்குக் கூறும் அறிவுரையும் ஒன்று. ஆனால் அங்கே கேட்டவர், வாழப்போகும் பெண்ணே. சொல்லப்பட்டது, அவருக்குத் தேவையான அளவே. இவ்விரு எல்லைகளையும் விட்டுவிட்டு விலக்கை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையாகாது.

2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டமும் ஏறக்குறைய இந்த ஒழுங்கிலேயே அமைந்திருப்பது வியப்பூட்டுகிறது. ஒருவரின் நிலையை அவர் இசைவின்றி வெளியிடுதல் கூடாது. துணைவருக்குப் பெருந்தீங்கு நேரும் என மருத்துவர் கருதினால், முதலில் நோயாளிக்கே அறிவுரை கூறிச் சொல்லச் செய்ய வேண்டும். அவர் சொல்லமாட்டார் எனத் தெரிந்தால், தாம் சொல்லப்போவதை அவருக்கு அறிவித்த பின்னரே அத்துணைவருக்கு மட்டும் சொல்லலாம். சொல்வதால் ஒரு பெண் வன்முறைக்கு ஆளாவாள் என்ற அச்சமிருப்பின் அதையும் கருதவேண்டும். ஃபிக்ஹின் ஒழுங்கும் இதுவே: முதலில் உரியவர், பின், தேவையுடையவர், தேவையின் அளவு, அதற்கு மேல் மௌனம்.

நோயாளியிடமே மறைப்பது

மறைவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், மறைக்கக் கூடாத இடத்தில் மறைக்கும் ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தாயின் நோயை மகனிடம் கூறுவர்; தாயிடம் கூறார். மனைவியின் சோதனை முடிவைக் கணவனிடம் கொடுப்பர். மனைவி வாசலில் காத்திருப்பாள். அன்பினால்தான் செய்கின்றனர். ஆனால் உடைமையை உரியவரிடமே ஒப்படைக்குமாறு ‘அன்னிஸா’ அத்தியாயத்தின் 58ஆம் வசனம் பணிக்கிறது. அவளுடைய உடலைப் பற்றிய செய்திக்கு அவளை விட உரியவர் யார்? மூமினுக்குத் தம் நிலை தெரிய வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடனைத் தீர்க்கவும், வஸிய்யத் எழுதவும், மனம் நொந்தவரிடம் மன்னிப்புக் கேட்கவும், தவ்பாச் செய்யவும் அவருக்கு நாள் வேண்டும். அந்த நாள்களை அன்பின் பெயரால் நாம் பறித்துவிடலாமா? மென்மையாகச் சொல்லலாம், சிறுகச் சிறுகச் சொல்லலாம், அவரே அறிய விரும்பாவிடின் வற்புறுத்தாதிருக்கலாம். அவர் கேட்கும்போது பொய் சொல்லலாகாது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று இந்திய மருத்துவ மன்றத்தின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளும் கூறுகின்றன.

நம் மஹல்லாவில்

சட்டங்கள் மருத்துவரையும் மருத்துவமனையையும் கட்டுப்படுத்தும். 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆனால் நம் நாவைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் நம் நெஞ்சில்தான் இருக்கிறது. ஆகவே சிலவற்றை நம் ஜமாஅத்தார் சிந்தனைக்கு வைக்கிறோம்.

ஜும்ஆவில் நோயாளிக்காக துஆக் கேட்கும்போது பெயரைச் சொன்னால் போதும். அவர் விரும்பாவிட்டால் பெயரும் வேண்டா. யாருக்கு என்ன நோய் என்பதை ஷிஃபா அளிப்பவன் அறிவான். ஏழையின் சிகிச்சைக்குப் பொருள் திரட்டுவது பெரும் நன்மை. அதற்காக அவர் முகத்தையும் மருத்துவ அறிக்கையையும் கைப்பேசிக் குழுக்களில் பரப்புவது, வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாதிருக்கச் சொன்ன மார்க்கத்துக்குப் பொருந்துமா? நம்பகமான இருவர் அறிக்கையைப் பார்த்து உறுதி கூறினால் போதாதா? நோய் நீங்கி அவர் நலமடைந்த பின்னும் அப்படம் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருக்கும்; பத்தாண்டு கழித்து அவர் மகளுக்கு மணம் பேசும் வீட்டிலும் வந்து நிற்கும். சம்பந்தம் பேசும் குடும்பங்கள் மருந்துக்கடையிலும் அண்டை வீட்டிலும் இரகசியமாகத் துருவுவதை விட்டு, இரு தரப்பும் சோதனை செய்துகொண்டு நேருக்கு நேர் உண்மையைப் பரிமாறிக்கொள்ளட்டும். மணம் அமையாவிட்டால், அங்கே கேட்டது அங்கேயே அடங்கட்டும். அவையில் பேசப்படுவது அமானத் என்பது நபிமொழியன்றோ!

ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்பது நாம் அடிக்கடி கேட்டுப் பழகிய நற்செய்தி. மறைக்கத்தக்க குறைகள் நம் ஒவ்வொருவரிடமும் எத்தனை உள்ளன என்பதை நாமே அறிவோம். நம்மைப் படைத்தவன் நன்கறிவான். அவன் இதுவரை நம் மீது போர்த்தியுள்ள போர்வையை, பிறர் மீதிருந்து நாம் இழுத்துவிடாதிருப்போமாக! நம்மிடம் நம்பிச் சொல்லப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அதற்குரியவரிடமே பத்திரமாக விட்டுச்செல்லும் நல்லடியார்களாக நம்மை அவன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.